பாதிரிமார் மனைவியரும் உடுவிற் பள்ளியும்

கோலாலம்பூரிலிருந்து வடக்கு நோக்கி ரவாங், செரண்டா, பத்தாங் காலி, ராசா, கோலக்குபு எனச் செல்லும் இருப்புப்பாதை 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் உருப்பெற்றது. அப்பாதையை ஒட்டி முன்பு ஈயச் சுரங்கங்களும், பின்னர் இரப்பர்த் தோட்டங்களும் பெருகின. இரயில் நிலையங்களிலும் அரசாங்கப் பணிமனைகளிலும் மருத்துவமனைகளிலும் எழுத்து வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத் தமிழர் பலர் அவ்வேலைகளை நாடிக் கப்பலேறி மலாய் நாட்டுக்கு வந்தனர். அவர்கள் பின்னர் அழைத்து வந்த மனைவியருள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் இருந்தனர். ஊருக்குத் தம் கையாலேயே கடிதம் எழுதவும், பிள்ளைகளுக்கு வீட்டிலேயே அரிச்சுவடி கற்பிக்கவும் அவர்களால் இயன்றது. அதே காலத்தில் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த தமிழ்ப் பெண்களுள் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவராகவே இருந்தனர்.

ஒரே மொழி பேசும் பெண்களுக்கிடையே இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது? சாதி, செல்வம், தொழில் ஆகியவை ஒருபுறம் காரணமாயின. மற்றொரு காரணம் யாழ்ப்பாணத்து உடுவில் என்னும் சிற்றூரில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வந்து குடியேறிய அமெரிக்கப் பாதிரிமாருடைய மனைவியரின் அன்றாட வாழ்க்கையைச் சற்று ஆராய்ந்தால் அக்காரணம் விளங்கும்.

ஒரு மரணத்தில் தொடங்கிய கதை

அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு வந்த வரலாறே ஓர் இளம் மனைவியின் மரணத்தோடு தொடர்புடையது. 1812ஆம் ஆண்டில் சாமுவேல் நியூவெல் என்பவர் தம் மனைவி ஹாரியட்டுடன் அமெரிக்காவிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியார் அவர்களை அங்குத் தங்கவிடவில்லை. இடம் தேடி மொரீசியசுத் தீவுக்குச் சென்ற வழியில், நடுக்கடலிற் பிறந்த குழந்தை இறந்தது. தீவை அடைந்த சிறிது காலத்தில், 1812 நவம்பரில், தாயும் இறந்தார். அப்போது அவருக்கு வயது 19. தனியரான நியூவெல் 1813இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத் தமிழரிடையே பணிபுரிய இடமுண்டு என்று பாஸ்டன் நகரிலிருந்த தம் சங்கத்தாருக்கு எழுதினார்.

அதன் பயனாக 1815 அக்டோபரில் 'டிரையட்' என்னும் கப்பல் முதற் குழுவினரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. டேனியல் பூவர், அவர் மனைவி சூசன். ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ், அவர் மனைவி சாரா. பெஞ்சமின் மெய்க்ஸ், அவர் மனைவி சாரா மரியா. இவர்களுடன் மணமாகாத எட்வர்டு வாரன். ஐந்து மாதக் கடற்பயணத்துக்குப்பின், 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்து, பின்னர் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் குடியமர்ந்தனர். இரண்டாவது குழு 1819 சூனில் பாஸ்டனிலிருந்து புறப்பட்டது. அக்குழுவில் மைரன் வின்சுலோவும் அவர் மனைவி ஹாரியட்டும், லீவை ஸ்போல்டிங்கும் அவர் மனைவி மேரியும், மருத்துவர் ஜான் ஸ்கடரும் அவர் மனைவி ஹாரியட்டும், ஹென்றி உட்வர்டும் அவர் மனைவி லிடியாவும் இருந்தனர். ஸ்கடர் தம்பதியர் தம் முதற் குழந்தையைக் கல்கத்தாவிலேயே அடக்கம் செய்துவிட்டு யாழ்ப்பாணம் வந்தனர்.

இப்பெண்கள் இளவயதினர், கல்வி கற்றவர், மீண்டும் தாய்நாடு திரும்புவோம் என்னும் எண்ணமின்றிப் புறப்பட்டவர். எனினும் சங்கத்தின் ஏடுகளில் அவர்கள் மிஷனரிகள் எனக் குறிக்கப்படவில்லை. 'துணை மிஷனரி' என்பதே அவர்களுக்கு வழங்கப்பட்ட பெயர்.

வீடும் வேலையும்

போர்த்துக்கீசியர் கட்டி, ஒல்லாந்தர் கையாண்டு, பின்னர் பாழடைந்து கிடந்த தேவாலயங்களும் அவற்றைச் சார்ந்த மனைகளுமே அமெரிக்கருக்குக் கிடைத்த இடங்கள். கூரை இல்லை, கதவு இல்லை. தடித்த சுவர்கள் மட்டும் நின்றன. பனைமரச் சட்டங்களிட்டு, ஓலை வேய்ந்து, அவற்றை வீடாக்கிக்கொண்டனர். பாம்பும் தேளும் கறையானும் அவ்வீட்டில் உடன்வாழ்ந்தன. பாஸ்டனிலிருந்து ஒரு கடிதம் வந்துசேர ஐந்தாறு மாதங்களாகும். எழுதிய கேள்விக்கு விடை கிடைக்க ஓராண்டு காத்திருத்தல் வேண்டும்.

அவ்வீடு ஒரு குடும்பம் மட்டும் வாழ்ந்த வீடன்று. ஒவ்வொரு மிஷன் நிலையத்திலும் சில தமிழ்ச் சிறுவர் தங்கிப் படித்தனர். அவர்களுக்கு உணவும் உடையும் கொடுப்பது, நோயுற்றால் கவனிப்பது, துணி தைப்பது ஆகியவை வீட்டுத் தலைவியின் பொறுப்பு. உணவு எளிய வேலையாக இருக்கவில்லை. கிறித்தவர் வீட்டுச் சோற்றை உண்டால் சாதி கெடும் என்று பெற்றோர் அஞ்சினர். ஆகவே மாணவர்க்குச் சமைக்கும் இடம், சமைப்பவர், நீர் மொண்டு தருபவர் ஆகிய எல்லாவற்றிலும் ஊர் வழக்கத்தைக் கவனிக்க நேர்ந்தது. சாதியை ஏற்காத சமயத்தைச் சேர்ந்த பெண்மணி, நாள்தோறும் அடுப்படியில் சாதியோடு வழக்காடியும் உடன்பட்டும் வாழவேண்டியிருந்தது. மேடையில் நின்று சாதியைக் கண்டிப்பது கணவருக்கு எளிது. யார் மொண்ட நீரை எந்தக் குடத்தில் வைப்பது என்னும் கேள்வியோ மனைவியிடமே வந்தது.

விடியற்காலை வழிபாடு, பின் வீட்டு வேலைகளை ஏவுதல், மாணவர்களைக் கவனித்தல், தையல், மருந்துக்கு வருவோரைக் காணுதல், ஊர்ப் பள்ளிகளைப் பார்வையிடல், மாலையில் அயல் வீடுகளுக்குச் சென்று பெண்களோடு பேசுதல், இரவில் கடிதம், நாட்குறிப்பு. இவற்றுக்கிடையே தம் குழந்தைகளைப் பெற்று வளர்த்தலும் உண்டு. இவ்வளவோடு தமிழும் படிக்கவேண்டும்.

கற்ற தமிழ்

கணவர்மார் முன்ஷியை அமர்த்திக்கொண்டு இலக்கணமும் ஓலைச்சுவடியும் பயின்றனர். மனைவியரும் ஆசிரியரிடம் பாடம் கேட்டனர் எனினும், அவர்களுக்குத் தமிழ் பழகிய இடம் பெரும்பாலும் அடுக்களையும் கிணற்றடியுமே. அரிசி விற்க வந்தவள், குழந்தைக்கு மருந்து கேட்டு வந்த தாய், முற்றம் பெருக்கியவள் ஆகியோரே அவர்களுக்கு ஆசிரியர். அந்நாளில் யாழ்ப்பாணத்திற் பெண்கள் வேற்று ஆடவர் முன் வந்து பேசுவதில்லை. ஆதலின் பாதிரியார் எவ்வளவு தமிழ் கற்றிருந்தும் வீட்டின் உட்புறம் அவருக்கு அடைபட்டே இருந்தது. அக்கதவு அவர் மனைவிக்கு மட்டுமே திறந்தது. சங்கத்தார் 'துணை' என்று எழுதிவைத்தவரிடமே ஊரின் பாதிப்பேரை அணுகும் வழி இருந்தது.

உள்ளே சென்று அவர்கள் கண்டது என்ன? ஆண்பிள்ளைகளுக்குத் திண்ணைப் பள்ளிகள் இருந்தன. மணலில் எழுதி, பின் ஓலையில் எழுத்தாணியால் எழுதப் பழகினர். பெண்பிள்ளைகளுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. எழுதப் படிக்கக் கற்பது கோயிலைச் சார்ந்த ஆடல்மகளிர்க்கே உரியது, குடும்பப் பெண்ணுக்கு ஆகாது என்னும் எண்ணம் ஊன்றியிருந்தது. ஔவையாரும் காக்கைபாடினியாரும் பாடிய மொழியில் இவ்வெண்ணம் எப்படி நுழைந்தது என்பது தனியே ஆராயத்தக்கது. ஆனால் 1820ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தின் நிலை அதுவே.

சன்னலருகே வந்த சிறுமியர்

வின்சுலோ தம்பதியர் 1820இல் உடுவிலிற் குடியமர்ந்தனர். ஹாரியட் வின்சுலோ 1796இல் கனெக்டிகட் மாநிலத்து நார்விச் என்னும் ஊரிற் பிறந்தவர். அவர் தையல் வேலை செய்யும்போது ஊர்ச் சிறுமியர் சன்னலருகே வந்து எட்டிப் பார்ப்பர் என்றும், அவர்களுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக் கொடுத்து, எழுத்துக் கற்றால் சட்டை தருவதாகச் சொல்லி மெல்ல மெல்ல அரிச்சுவடியும் கற்பித்தார் என்றும் உடுவிற் பள்ளி மரபில் ஒரு செய்தி வழங்குகிறது. ஒரு நாள் பெருமழையினால் வீடு திரும்ப இயலாத சிறுமியர் மிஷன் வீட்டிலேயே உண்டு தங்கினர். சோறு உண்ட பின் இனி மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று பெற்றோர் அவர்களை அங்கேயே படிக்கவிட்டனர் என்று அச்செய்தி முடிகிறது. வாய்மொழியாக வந்த கதைகள் சொல்வோருக்கேற்பச் சிறிது மாறுவது இயல்பு. ஆயினும் பெண்கல்விக்குத் தடையாக நின்றவை சோறும் சாதியும் என்பதையும், தடையை உடைத்தது வாதப்போர் அன்று, ஊசியும் நூலுமே என்பதையும் இக்கதை தெளிவாகக் காட்டுகிறது.

1824ஆம் ஆண்டில், வெவ்வேறு நிலையங்களிற் படித்துவந்த சிறுமியரை ஓரிடத்திற் சேர்த்து, உடுவிலில் தங்கிப் படிக்கும் பெண் பள்ளி நிறுவப்பட்டது. ஆசியாவில் இத்தகைய பள்ளிகளுள் மிகத் தொன்மையானவற்றுள் அஃது ஒன்று. அதற்கு முந்திய ஆண்டில், 1823இல், வட்டுக்கோட்டையில் ஆண்களுக்கான செமினரி தொடங்கியிருந்தது. செமினரியிற் கற்ற இளைஞர்க்கு ஏற்ற மனைவியரை உருவாக்குதல் பெண் பள்ளியின் நோக்கங்களுள் ஒன்று என்பதை மிஷன் மறைக்கவில்லை. பெண்ணைப் பெண்ணுக்காகவே கற்பித்தல் என்னும் கொள்கை அமெரிக்காவிலும் அப்போது முழுமையாக வேரூன்றவில்லை.

பள்ளிக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பது கடினமாயிருந்தது. உணவும் உடையும் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. படிப்பை முடித்து மணம்புரியும் பெண்ணுக்கு மிஷனே சீதனம் கொடுக்கும் வழக்கமும் சில காலம் இருந்தது. பின்னர் அது நிறுத்தப்பட்டது. செலவுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கருடைய பெயர்களைப் பிள்ளைகளுக்கு இடும் வழக்கமும் உண்டு. 1841இல் தொடங்கிய 'உதயதாரகை'யின் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டின், செத் பேசன் ஆகிய இருவரும் தமிழரே. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1857இல் சி. வை. தாமோதரம் பிள்ளையுடன் முதற் பட்டதாரியாகத் தேறிய விசுவநாத பிள்ளையும் கரோல் என்னும் பெயரைத் தாங்கியவர். உடுவிற் சிறுமியர்க்கும் இவ்வாறு பெயர் மாறியது. எழுதக் கற்ற பெண் முதன்முதலில் எழுதிய தன் பெயர், கடல் கடந்த ஓர் ஊரில் வாழ்ந்த முகமறியாப் பெண்ணின் பெயராக இருந்ததுண்டு. கல்விக்கு அவள் கொடுத்த விலைகளுள் அதுவும் ஒன்று.

கற்பித்தவர் கொடுத்த விலை

கற்பித்த பெண்களும் விலை கொடுத்தனர். முதற் குழுவைச் சேர்ந்த சூசன் பூவர் 1821இல் தெல்லிப்பழையில் இறந்தார். ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் 1822இல் இறக்க, அவர் மனைவி சாரா கைம்பெண்ணானார். பின்னர் அவர் நல்லூரில் ஆங்கிலத் திருச்சபை மிஷனில் இருந்த ஜோசப் நைட் என்பாரை மணந்தார். நைட்டின் சகோதரியை டேனியல் பூவர் இரண்டாந்தாரமாக மணந்தார். கைம்பெண் மறுமணம் என்பதைக் கனவிலும் கருதாத ஊரில், இத்திருமணம் அயலாரிடையே எத்தகைய பேச்சை எழுப்பியிருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

இறந்தவர்க்கு மாற்றாகப் புதியவர் வரவும் வழியில்லை. 1820இல் இலங்கையின் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற எட்வர்டு பார்ன்ஸ், மேலும் அமெரிக்கர் வருவதற்கு இசையவில்லை. அச்சிடும் பணிக்கென வந்த ஒருவரையும் அவர் திருப்பி அனுப்பினார். 1833 வரை அத்தடை நீடித்தது. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளும், இருந்த சிலரே இறந்தவருடைய வேலையையும் சேர்த்துச் சுமந்தனர்.

பிள்ளைகளைப் பிரிதல் மற்றொரு துயரம். வெப்ப நாட்டில் வளரும் பிள்ளை நோய்ப்படும், கல்வி கெடும், பழக்கம் மாறும் என்று அஞ்சிய பெற்றோர், பத்துப் பன்னிரண்டு வயதில் அவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பினர். வின்சுலோ தம்பதியரின் மகன் சார்லஸ் அவ்வாறு அனுப்பப்பட்டு, அமெரிக்கா சேர்ந்த சிறிது காலத்துக்குள், 1832இல், தன் 11ஆம் வயதில் இறந்தான். அவன் இறந்த செய்தி தாயை எட்டப் பல மாதங்களாயின. பிறர் பெண்களைத் தம் வீட்டில் வைத்து வளர்த்தவர், தம் மகனைப் பிறர் வீட்டிற்கு அனுப்பி இழந்தார் என்பது அவ்வாழ்க்கையின் முரண்பாடு.

1833 சனவரி 14ஆம் நாள் ஹாரியட் வின்சுலோவும் இறந்தார். அப்போது அவருக்கு வயது 36. அவ்வாண்டிலேயே அரசாங்கத் தடை நீங்கியது. அக்டோபரில் வந்து இறங்கிய புதிய குழுவில் அவருடைய தங்கை எலிசபெத்தும் இருந்தார். மேலும் இரு தங்கையரும் அவரைப் பின்பற்றி மிஷனரிகளை மணந்து கீழை நாட்டுக்கு வந்தனர். அவர்களுள் ஒருவரும் அவர் கணவர் பெரியும் 1837இல் யாழ்ப்பாணத்தில் வாந்திபேதியால் மாண்டனர். மைரன் வின்சுலோ மேலும் நான்கு முறை மணம்புரிந்தார் என்பதும் அக்காலத்து மனைவியரின் ஆயுட்கணக்கைச் சொல்லாமற் சொல்லும்.

ஊக்கமும் எதிர்ப்பும்

ஹாரியட் மறைந்தபின் பள்ளிப் பொறுப்பை ஸ்போல்டிங் தம்பதியர் ஏற்றனர். 1840இல் எலிசா அக்னியூ என்னும் மணமாகாத ஆசிரியை வந்து சேர்ந்தார். 1879 வரை பள்ளியை நடத்திய அவர், 1883இல் இறக்கும்வரை ஒருமுறையும் தாய்நாடு திரும்பவில்லை. ஒரே குடும்பத்தில் பாட்டி, தாய், மகள் என மூன்று தலைமுறையினர்க்குக் கற்பித்த அவரை 'ஆயிரம் பெண்களின் தாய்' என்று அழைத்தனர். வீட்டுத் தலைவியின் ஓய்வுநேர வேலையாகத் தொடங்கியது, முழுநேர ஆசிரியையின் தொழிலாக வளர்ந்தது. 1855இல் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டபோதும் உடுவிற் பள்ளி மூடப்படவில்லை.

இப்பள்ளியின் கல்வி மதமாற்றத்தை நோக்கமாகக் கொண்டது. இதைச் சைவ மக்கள் நன்கு உணர்ந்திருந்தனர். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியது இவ்வுணர்வின் விளைவே. பெண்களுக்கான சைவக் கல்வி நிலையம் வலுவாக எழுவதற்கு மேலும் காலம் சென்றது. பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் நிறுவிய மகளிர் கல்லூரி அதற்குச் சான்று. உடுவிலுக்கு மிக அருகிலேயே அது அமைந்தது. மிஷன் பள்ளி செய்த நன்மை அது நேரே கற்பித்த பெண்களோடு நிற்கவில்லை. தன்னை எதிர்த்தவரையும் பெண் பள்ளி திறக்கச் செய்தது. எதிர்ப்பினால் விளைந்த நன்மையையும் வரலாறு கணக்கிற் சேர்த்தல் முறை.

பெயர் பெற்றவரும் பெறாதவரும்

மைரன் வின்சுலோ 1862இல் சென்னையில் வெளியிட்ட தமிழ் ஆங்கிலப் பேரகராதி 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. தமிழாசிரியர் எவரும் அவர் பெயரை அறிவர். ஹாரியட்டின் பெயரை அறிந்தவர் சிலரே. அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்பையும் தொகுத்துக் கணவர் 1835இல் வெளியிட்ட நினைவுநூலே அவரைப்பற்றி அறிய முதன்மையான வழி. அதுவும் பக்தியுள்ள மனைவிக்குச் சான்று காட்டத் தொகுக்கப்பட்ட நூல். அவரோடு பேசிய தமிழ்ப் பெண்களின் குரல் அதில் அவர் வாய்வழியாகவே கேட்கிறது. சோறாக்கியவள், குழந்தையைத் தூக்கி வளர்த்த ஆயா, தமிழ் திருத்திய அயல்வீட்டுக் கிழவி ஆகியோர்க்கு அந்தச் சிறு நூலும் இல்லை.

ஆயினும் அவ்வீடுகளின் கிளைகள் நெடுந்தொலைவு பரவின. யாழ்ப்பாணத்திற் பிறந்த ஹாரியட்டின் மகள் வழியிற் கொள்ளுப்பேரனாக வந்தவரே 1953 முதல் 1959 வரை அமெரிக்க அயலுறவுச் செயலராக இருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸ். பண்டத்தரிப்பில் வாழ்ந்த ஹாரியட் ஸ்கடரின் ஏழு புதல்வர் மிஷன் பணிக்கு வந்தனர். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர், ஆடவர் மருத்துவம் பார்க்கலாகாது என்னும் வழக்கத்தால் ஒரே இரவில் மூன்று தமிழ்ப் பெண்கள் மகப்பேற்றில் மாண்டதைக் கண்டு தாமே மருத்துவம் கற்றார். 1900இல் அவர் வேலூரிற் சிறிதாகத் தொடங்கிய மருத்துவமனை உலகப் புகழ் பெற்றது. பாதிரியாருக்கு அடைபட்டுப் பெண்ணுக்குத் திறந்த அதே உட்கதவே அங்கும் காரணமாயிற்று.

மலாய் மண்ணில்

இனி, தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு வரலாம். யாழ்ப்பாணத்திற் பெண்ணெழுத்து ஊன்ற ஏறத்தாழ நூறாண்டு கிடைத்தது. 1820களில் எழுத்துக் கற்ற சிறுமியின் பேத்தியும் கொள்ளுப்பேத்தியுமே மலாய் நாட்டுக்கு வந்தவர்கள். தோட்டப் பெண்களுக்கு அவ்வாறு நேரவில்லை. சிங்கப்பூரில் 1887இல் ஆஸ்திரேலியப் பெண்மணி சோபியா பிளாக்மோர், தமிழ் வணிகர் சிலருடைய துணையோடு தமிழ்ச் சிறுமியர்க்குப் பள்ளி தொடங்கினார். ஆனால் அது துறைமுக நகரில் வாழ்ந்தவர்க்கே எட்டியது. சிலாங்கூரின் வடபகுதித் தோட்டங்களில் மேட்டின்மேல் துரையின் பங்களாவும், பள்ளத்தில் தொழிலாளர் லயமும் இருந்தன. பங்களாவில் வாழ்ந்த துரைசாணிக்குத் தமிழ் கற்கும் கடமை இல்லை. லயத்துச் சிறுமிக்குப் பங்களாச் சன்னலருகே செல்லும் உரிமையும் இல்லை.

1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேலிருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்று விதித்தது. அதன்பின் எழுந்த கொட்டகைப் பள்ளிகளில், கங்காணியும் கணக்கப்பிள்ளையும் ஆசிரியராய் நின்ற காலமும் உண்டு. அங்கும் முதலில் ஆண்பிள்ளைகளே பெரும்பாலும் சேர்ந்தனர். பெண்பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றாள். உடுவிலில் ஒரு வீட்டுத் தலைவி ஊசியும் நூலும் கொண்டு தொடங்கிய வேலையை, இங்குப் பின்னாளில் தோட்டத் தமிழ்ப் பள்ளிகளுக்கு வந்த ஆசிரியைகள் தொடங்கவேண்டியிருந்தது. அவர்களுக்குக் கடல்கடந்த சங்கத்தின் பணமும் இல்லை. நினைவுநூல் எழுதுவாரும் இல்லை. அவர்களிடம் கற்ற பெண்கள் பலர் முதியவராய் இன்றும் வாழ்கின்றனர். அவர்களைக் கேட்டு எழுதிவைக்கத் தமிழாசிரியர் முன்வருவாராயின், உடுவிலுக்குக் கிடைத்த வரலாறு பத்தாங் காலிப் பகுதித் தோட்டங்களுக்கும் கிடைக்கும்.